மதாம் லூஸ்: அல்ஜியர்ஸில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளி திறந்தவர்

பிரெஞ்சு ஆட்சியில் முஸ்லிம் சிறுமிகளுக்கு முதன்முதலில் பள்ளி நடத்தியவர் யார்? அவரைக் கல்வித் தொண்டர் என்பதா, காலனி அரசின் கையாள் என்பதா? இதுதான் கேள்வி.

பெயரை உடனே சொல்லிவிடலாம்: யூஜெனி லூஸ். அன்றைய வழக்கில் மதாம் லூஸ். அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸில் 1845-இல் அவர் தொடங்கியதுதான் முஸ்லிம் சிறுமிகளுக்கான முதல் பிரெஞ்சுப் பள்ளி. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இப்படி ஒரு வரியில் பதில் சொல்ல வராது. அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று துருவுவதைவிட, அரசிடம் என்ன சொல்லிப் பணம் வாங்கினார், அதே அரசு பதினைந்து வருடம் கழித்து எதைச் சொல்லிப் பணத்தை நிறுத்தியது என்று பார்ப்பது எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பள்ளியின் கதையே இருக்கிறது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1804-இல் பிரான்சின் நடுப்பகுதியில், ஷேர் ஆற்றங்கரையில் உள்ள மோன்ரிஷார் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் வெரோனிக் யூஜெனி பெர்லோ. தொழில் ஆசிரியை. அலிக்ஸ் என்ற ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. 1832-இல் கணவரையும் மகளையும் விட்டுவிட்டு அல்ஜியர்ஸுக்குக் கப்பலேறிவிட்டார்.

இதை இன்றைய கண்ணால் பார்த்தால் ஒரு விவாகரத்து மாதிரி தெரியும். அன்று அப்படி ஒரு வழியே இல்லை. பிரான்சில் 1816-இல் விவாகரத்தை ஒழித்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1884-இல்தான். நெப்போலியன் சட்டத்தொகுப்பின்படி மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவன் எங்கே குடியிருக்கிறானோ அங்கேதான் இருக்க வேண்டும், அவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் போடக்கூட முடியாது. ஆக, "கீழை நாட்டுப் பெண்களை விடுவிக்க" வந்த இந்தப் பெண்மணி, தன் சொந்த நாட்டுச் சட்டத்தின்படி புகுந்த வீட்டை விட்டு ஓடிவந்தவர். இந்தச் சங்கதி பின்னால் அவரைப் புகழ்ந்து எழுதியவர்களின் கட்டுரைகளில் வராது. ஏன் வராது என்று அங்கே சொல்கிறேன்.

அவர் வந்து இறங்கிய ஊரின் நிலைமையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1830 ஜூலையில் அல்ஜியர்ஸ் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தது. மக்களின் மதத்துக்கும் சொத்துக்கும் கேடு வராது என்று சரணடைவு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் நடந்தது வேறு. வக்ஃபு சொத்துகள் அரசின் கைக்குப் போயின. பள்ளிவாசல், குர்ஆன் ஓதும் பள்ளி, ஏழைகளுக்கான உதவி எல்லாம் அந்த வருமானத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. நகரின் புகழ்பெற்ற கெத்ஷாவா பள்ளிவாசலை 1832-இல், அதாவது யூஜெனி வந்த அதே ஆண்டில், கிறிஸ்தவப் பேராலயமாக மாற்றினார்கள். வசதி உள்ள குடும்பங்கள் பல ஊரை விட்டே போய்விட்டன. மிஞ்சியவர்களில் கைவினைஞர்கள், சிறு வியாபாரிகள், விதவைகள் அதிகம். 1847-இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை எழுதிய பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் தொக்வில்லேகூட, நாங்கள் வந்தபின் முஸ்லிம் சமூகம் முன்பைவிட ஏழ்மையிலும் அறியாமையிலும் தள்ளப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அவர் காலனியாதிக்கத்தின் எதிரி இல்லை, ஆதரவாளர். அதனால்தான் அந்த வாக்குமூலத்துக்கு எடை அதிகம்.

ஆகவே, இருட்டில் இருந்த ஊருக்கு ஒருவர் விளக்கோடு வந்தார் என்ற பாணியில் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. அங்கே ஏற்கெனவே இருந்த ஓர் ஏற்பாடு உடைக்கப்பட்ட இடத்தில்தான் புதுப்பள்ளி முளைத்தது. சிறுமிகளுக்கும் முன்பு ஒன்றுமே இல்லை என்பதில்லை. சில குடும்பங்களில் வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்றார்கள். தையலும் பூவேலையும் கற்றுத்தருவதற்கென்றே நகரில் கைதேர்ந்த பெண்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சிறுமிகள் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வேலை பழகுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வந்த உடனே பள்ளி திறந்துவிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. அந்தக் காலத்தில் ஊர்ப் பேச்சு அரபியைப் பழகிக்கொண்டார். கசபா என்ற பழைய நகரின் சந்துகளில் இருந்த வீடுகளுக்குள் போய்வரும் அளவுக்கு அறிமுகம் பிடித்தார். பிரெஞ்சு அதிகாரி எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்த வீடுகளின் உள்முற்றத்துக்குள் காலடி வைக்க முடியாது. ஒரு பெண்ணால் முடியும். அவருடைய மூலதனம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

1845-இல் முதலில் கிடைத்தது நான்கே நான்கு சிறுமிகள். உங்கள் மார்க்கத்தில் கைவைக்க மாட்டேன், வழக்கத்தில் தலையிட மாட்டேன் என்று தாய்மார்களிடம் வாக்குக் கொடுத்துத்தான் அழைத்துவந்தார். சில மாதங்களில் எண்ணிக்கை முப்பது, நாற்பது என்று ஏறியது. பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்குச் சிறு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. பசியோடு இருக்கும் வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்வாள், தண்ணீர் கொண்டுவருவாள். அவளை அரைநாள் விட்டுக்கொடுப்பதே ஒரு நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டினால்தான் பள்ளி. பின்னாளில் விமர்சகர்கள் இதைக் காட்டி, காசு கொடுத்துப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்றார்கள். ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு வரவைக்க இன்றைய அரசுகளும் உதவித்தொகை கொடுக்கின்றன. அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆனால் பணம் அவரிடம் இல்லை. நகரின் நிர்வாகச் சபையிடம் கேட்டார், கிடைக்கவில்லை. 1846 ஜனவரியில் பள்ளியை மூட வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஓய்ந்திருப்பார்கள். இவர் கையில் இருந்த வெள்ளிப் பாத்திரங்களையும் நகைகளையும் அடகு வைத்துவிட்டுப் பாரிஸுக்குப் புறப்பட்டார். அல்ஜீரியா அப்போது போர்த்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அந்த அமைச்சகத்தின் கதவைத் தட்டி, மனு எழுதி, ஆள் பிடித்து, கடைசியில் உதவியோடு திரும்பினார். 1847-இல் அரசு பள்ளியை முறைப்படி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அந்த மனுக்களில் அவர் வைத்த வாதம்தான் முக்கியம். ஐரோப்பாவைப் போலவே ஆப்பிரிக்காவிலும் பெண்தான் பெரிய சக்தி, இங்கே இன்னும் அதிகம் என்று ஆரம்பிக்கிறார். இந்த நாட்டின் எல்லாத் தரப்பிலிருந்தும் நூறு சிறுமிகளை நம் நாகரிகத்தின் பக்கம் திருப்பிவிட்டால், நாளைக்கு அவர்கள் தங்கள் சமூகத்தின் பெரிய மனிதர்களுக்கு மனைவியாவார்கள். இந்த நாடு நம் அதிகாரத்துக்கு அடங்கி இருக்கும் என்பதற்கு அவர்களே உத்தரவாதம். பிற்காலத்தில் இது பிரான்சோடு கரைந்துபோகும் என்பதற்கும் அவர்களே பிணை. சாரம் இவ்வளவுதான்.

படிக்கும்போது உறுத்துகிறது. கசபாவின் தாய்மார்களிடம் எதையும் மாற்ற மாட்டேன் என்றவர், பாரிஸில் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுகிறேன் என்கிறார். இரண்டு இடத்திலும் இரண்டு பேச்சு. இதை வைத்து அவர் கையாள்தான் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் போர் அமைச்சகத்திடம் காசு கேட்கப் போகிறவர், பெண் குழந்தைக்குப் படிப்பு நல்லது என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? பிரான்சிலேயே ஊர்தோறும் பெண்கள் பள்ளி வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. 1833-இல் வந்த கிஸோ சட்டம் ஆண் பிள்ளைகளின் பள்ளியைத்தான் ஊராட்சிகளின் கடமையாக்கியது. ராணுவத்துக்குப் புரிகிற மொழியில் அவர் பேசினார். அந்த மொழியை நம்பித்தான் பேசினாரா என்றால், பெரும்பாலும் நம்பினார் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களில் அதை நம்பாதவர்கள் குறைவு.

பள்ளிக்குள் என்ன நடந்தது? காலையில் பிரெஞ்சு வாசிப்பு, எழுத்து, இலக்கணம், கணக்கு. மதியத்துக்குமேல் தையல். தையல் நேரத்தைப் பெற்றோர் உடனே புரிந்துகொண்டார்கள். தங்கள் தெருவில் கைவேலை கற்றுத்தரும் பெண்ணின் வீட்டில் நடப்பதுதானே அது. புதிதாக வந்தது காலை நேரம்தான். நஃபீசா பின்த் அலி என்ற உள்ளூர்ப் பெண் துணை ஆசிரியையாக இருந்தார். ஆவணங்களில் பெயரோடு தென்படும் மிகச் சில அல்ஜீரியப் பெண்களில் அவர் ஒருவர். இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று வகுப்பை நடத்தியவர் அவர் என்றால், பள்ளியின் வரலாற்றில் அவருக்கும் பாதி இடம் வேண்டும். அவர் தன் கதையை எழுதி வைக்கவில்லை. மதாம் லூஸ் மனுமேல் மனு எழுதிவைத்தார். காப்பகத்தில் நிலைப்பவர்கள் எழுதியவர்கள்தான்.

ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடக்கும். அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும் வந்து உட்கார்வார்கள், சிறுமிகள் பிரெஞ்சில் பாடம் ஒப்பிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பள்ளி உயிரோடு இருக்க இந்தக் காட்சி தேவைப்பட்டது. அதே காட்சிதான் பின்னால் ஆபத்தாகவும் முடிந்தது: அந்நிய ஆண்கள் நிறைந்த சபையில் நம் பெண்களை நிறுத்துகிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சுதான்.

1850 ஜூலையில் வந்த ஆணை ஒன்று இந்த முயற்சிக்கு அரசு முத்திரை கொடுத்தது. அரபு-பிரெஞ்சுப் பள்ளிகள் என்ற பெயரில் ஆண் பிள்ளைகளுக்கு ஆறு, பெண் பிள்ளைகளுக்கு நான்கு என்று திட்டமிட்டார்கள். அல்ஜியர்ஸ், ஒரான், கான்ஸ்டன்டைன், போன் (இன்றைய அன்னாபா) ஆகிய நகரங்கள் பெண் பள்ளிக்குக் குறிக்கப்பட்டன. தனியொருத்தி அடகு வைத்து நடத்திய பள்ளி ஐந்தே ஆண்டில் கொள்கையாக மாறியது. 1850-களில் மதாம் லூஸின் பள்ளியில் சிறுமிகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

இனி 1861-க்கு வருவோம். கதையின் முடிச்சு இங்கேதான்.

பள்ளிக்கு எதிரான வாதங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. அல்ஜியர்ஸ் மாகாண ஆலோசனைச் சபையில் பிரெஞ்சு உறுப்பினர்களும், அரசால் நியமிக்கப்பட்ட முஸ்லிம் பிரமுகர்களும் இருந்தார்கள். முஸ்லிம் பிரமுகர்கள் சொன்னது: இந்தப் பள்ளிக்கு வருவது ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், கண்ணியமான குடும்பம் எதுவும் அனுப்பாது, இதில் படித்த பெண்ணை எங்கள் ஆட்கள் மணமுடிக்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது: படித்துவிட்டு இந்தப் பெண்கள் எங்கும் ஒட்டாமல் போகிறார்கள், அவர்களை முஸ்லிம்களும் ஏற்பதில்லை, ஐரோப்பியர்களும் ஏற்பதில்லை, கடைசியில் கெட்ட வழிக்குப் போகிறார்கள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழைப் பெண்ணின் நடத்தையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஆதாரம் தேவைப்படுவதில்லை.

மேலிடத்திலும் காற்று மாறியிருந்தது. 1860-இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அல்ஜியர்ஸுக்கு வந்தார். அதன்பின் அவர் மனதில் உருவானது பழங்குடித் தலைவர்களையும் பிரமுகர்களையும் அரவணைத்து ஆளும் கொள்கை. 1863-இல் அல்ஜீரியாவை ஓர் அரபு ராஜ்யம் என்றே எழுதினார். பிரமுகர்களின் மனம் கோணாமல் இருக்க எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தேடினால், பெண்கள் பள்ளிதான் விலை குறைந்த பொருள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வரியைக் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெண்களை நாங்கள் தொடமாட்டோம் என்று சொன்னால் போதும், மரியாதை காட்டிய மாதிரியும் ஆயிற்று, செலவும் மிச்சம்.

ஆண் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அப்போது இந்தக் கதி வரவில்லை. 1857-இலேயே அல்ஜியர்ஸில் முஸ்லிம் ஆண் மாணவர்களுக்கு அரசுக் கல்லூரி ஒன்று திறந்திருந்தார்கள். அந்தக் கல்லூரியும் 1871-இல், கபீலியா என்ற மலைப்பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான பெரிய கிளர்ச்சி நடந்த ஆண்டில், மூடப்பட்டது என்பது வேறு விஷயம். அதற்குப் பத்து வருடம் முன்பே சிறுமிகளின் எழுத்துப்பாடத்துக்குக் கொடுத்த பணம் நின்றுவிட்டது.

இங்கே அவருடைய பழைய மனுவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பெரிய மனிதர்களின் வருங்கால மனைவிகளை உருவாக்கித் தருகிறேன் என்றார். வந்தது யார்? போரில் நொடிந்துபோன கைவினைஞர்களின், விதவைகளின் பிள்ளைகள். வேறு யார் வருவார்கள்? படையெடுத்து வந்தவனின் பள்ளிக்குத் தன் பெண்ணை அனுப்ப ஒரு கௌரவமான குடும்பத்துக்கு எந்த அவசியமும் இல்லை. அவசியம் இருந்தது ஏழைகளுக்கு மட்டும். பள்ளி அந்த ஏழைச் சிறுமிகளுக்கு நிஜமாகவே பயன்பட்டது. எழுத்து வந்தது, கணக்கு வந்தது, வீட்டுக்குக் கொஞ்சம் காசு வந்தது. ஆனால் அரசின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பயனுக்கு இடம் இல்லை, ஏனென்றால் மனுவில் எழுதியிருந்தது வேறு. கொடுத்த வாக்கைக் காட்டியே பள்ளியை மூடினார்கள். காலனி அரசின் நோக்கத்தைச் சொல்லி நிதி வாங்கும் எந்த நல்ல காரியத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அரசின் நோக்கம் மாறும் நாளில் அந்தக் காரியத்துக்குச் சொந்தக் கால் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் எதிர்த்ததால்தான் பெண்கள் பள்ளி மூடியது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது பலருக்கும் வசதி. பிரெஞ்சு வாக்குரிமைப் போராளி ஹூபெர்தின் ஓக்லேர் 1888 முதல் நான்காண்டு அல்ஜீரியாவில் வாழ்ந்தவர். அவரே இந்த மூடலைச் சுட்டிக்காட்டி, இதில் பிரெஞ்சு ஆண்களும் அரபு ஆண்களும் கூட்டாளிகள் என்று 1900-இல் எழுதினார். அவரும் காலனியாதிக்கத்தை எதிர்த்தவர் இல்லை. ஆனால் பிரெஞ்சு ஆண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: அந்தச் சபையில் பேசிய பிரமுகர்களை நியமித்ததே அரசு. பிள்ளைகளை அனுப்பிய கசபாவின் தாய்மார்களை அங்கே யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

சரி, பள்ளி போனதும் மதாம் லூஸ் என்ன செய்தார்? எழுத்தை விட்டுவிட்டு ஊசியைப் பிடித்துக்கொண்டார். இலக்கணமும் கணக்கும் நின்றன, பூவேலைப் பட்டறையாக அதே இடம் தொடர்ந்தது. அரசுக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. படித்த முஸ்லிம் பெண் பயமுறுத்தினாள், தைக்கும் முஸ்லிம் பெண் யாரையும் பயமுறுத்தவில்லை.

இதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அல்ஜியர்ஸின் பழைய பூவேலை சாதாரணமானதில்லை. ஒட்டோமான் காலத்திலிருந்து வந்த அந்தக் கலையில், லினன் துணியில் பட்டு நூலால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரித் தெரியும்படி தைப்பார்கள். திரைச்சீலை, தலைக்கட்டு, ஹம்மாமில் குளித்தபின் ஈரக் கூந்தலைச் சுற்றிக்கொள்ளும் பினீக்கா என்ற துணி எல்லாம் கல்யாணச் சீரில் போகும். பணக்காரக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போனபின் அந்தச் சீர்ப்பொருள்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. வாங்க ஆள் இல்லாததால் தைப்பவர்களும் குறைந்தார்கள். பட்டறை அந்தப் பழைய துணிகளைப் பார்த்துப் பார்த்துத் தையலை மீட்டது. மீட்டது என்றாலும் மாற்றமும் வந்தது: பினீக்காவின் பூ மேசை விரிப்புக்கும் மெத்தை உறைக்கும் இடம் மாறியது, ஏனென்றால் வாங்கியவர்கள் வேறு.

வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். குளிர்காலத்தை இதமான வெயிலில் கழிக்க அல்ஜியர்ஸுக்கு வரும் வசதியான கூட்டம் அது; நகருக்கு மேலே முஸ்தபா குன்றில் தங்கும். அவர்களில் ஒருவர் பார்பரா போடிஷோன். ஓவியர், பெண்ணுரிமைக்காரர், பின்னால் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர். 1857-இல் அல்ஜியர்ஸில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவரை மணந்து, ஆண்டுதோறும் பாதி வருடம் அங்கேயே இருந்தார். அவருடைய தோழி பெஸ்ஸி ரேனர் பார்க்ஸ், தான் நடத்திய பெண்கள் பத்திரிகையில் 1861-இல் மதாம் லூஸைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஆங்கிலம் படிக்கும் உலகம் அவரை அறிந்தது அப்படித்தான்.

அந்தக் கட்டுரையில் இருக்கும் மதாம் லூஸ் துணிச்சல்காரி, தியாகி, அடகுக்கடை வரை போனவர். கணவனையும் மகளையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர் அங்கே இல்லை. மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று அப்போதுதான் பார்பராவும் தோழிகளும் இங்கிலாந்தில் போராடிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தைக் கைவிட்டவள் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் எதிராளிகள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அதனால் கதையைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்பது என் ஊகம். அல்லது மதாம் லூஸே அவர்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருடைய வாழ்க்கை முழுதாகத் தெரியவந்தது, ரெபெக்கா ரோஜர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் காப்பகங்களைத் தோண்டி 2013-இல் நூலாக வெளியிட்டபின்தான்.

மதாம் லூஸ் 1882-இல் காலமானார். பட்டறை அவர் பேத்தி ஹென்ரியெட் பெனாபென் கைக்கு வந்தது. பேத்தி கெட்டிக்காரி. பாட்டியின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி "லூஸ் பென் அபென்" என்று வணிகப் பெயர் மாதிரி ஆக்கினார். பழைய பூவேலைத் துணிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கும் பட்டறையின் வேலைப்பாடுகள் போயின. 1899 வாக்கில் எடுத்து வண்ணமேற்றி அச்சிட்ட பட்டறைப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் எளிதாகக் கிடைக்கும். முற்றத்தில் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து சட்டத்தில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். படக்குறிப்பில் பட்டறைக்காரியின் பெயர் இருக்கிறது, தைக்கிறவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

அந்தச் சிறுமிகளுக்குப் பூவேலை வாழ்க்கை தந்ததா என்றால், கூலி தந்தது, அவ்வளவுதான். எழுத்தறிவு அடுத்த நூறு வருடத்துக்கும் வரவில்லை. 1883-இல் பிரான்சின் கட்டாயக் கல்விச் சட்டங்களை அல்ஜீரியாவுக்கு நீட்டினார்கள். காகிதத்தில் நீண்டது. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதை அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். சுதந்திரப் போர் தொடங்கிய 1954-இல் முஸ்லிம் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆட்சி வந்து 124 வருடம் ஆன பிறகு இது நிலைமை. நான்காண்டு கழித்து, 1958 மே மாதம், அல்ஜியர்ஸ் சதுக்கத்தில் முஸ்லிம் பெண்களின் முக்காட்டை மேடையில் அகற்றிக்காட்டி, பிரான்ஸ் உங்களை விடுவிக்கிறது என்றார்கள். எழுத்துப்பாடத்துக்கு நூறு வருடம் முன்பே பணத்தை நிறுத்தியது இதே பிரான்ஸ்தான்.

விதிவிலக்குகள் உண்டு. கபீலியா மலையில் தாதெர்-உ-ஃபெல்லா என்ற இடத்தில் அரசுப் பள்ளி ஒன்று சில காலம் நடந்தது. மணமாகாத தாய்க்குப் பிறந்து, ஊர் ஒதுக்கிய ஃபத்மா ஐத் மன்சூர் அங்கே படித்தார். பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே பிரெஞ்சில் எழுதினார்; அவர் இறந்து ஓராண்டு கழித்து 1968-இல் அது அச்சானது. இப்படிப்பட்ட பள்ளியில் படித்த ஒரு பெண் என்ன நினைத்தார் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டுமானால் அதைத்தான் தேட வேண்டும். படிப்பு அவரை ஊரிலிருந்தும் பிரித்தது, பிரெஞ்சுக்காரராகவும் ஆக்கவில்லை. 1861-இல் பள்ளியை மூட இதே நிலையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் ஃபத்மா அந்த நிலையில் நின்றுகொண்டுதான் எழுதினார். அவர் பிள்ளைகள் ஜான் அம்ரூஷும் தாவோஸ் அம்ரூஷும் பெரிய எழுத்தாளர்களானார்கள்.

மதாம் லூஸின் முயற்சி வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா என்று கேட்டால், பக்கத்து நாடான துனிசியாவைக் காட்டுவேன். 1900-இல் துனிஸ் நகரில் முஸ்லிம் சிறுமிகளுக்கான பள்ளி ஒன்று திறந்தது. பிரெஞ்சு அரசின் தலைமைப் பிரதிநிதியாக அங்கே இருந்த ரெனே மியேவின் மனைவி லூயிஸ் பெயரால் அமைந்த பள்ளி, தலைமை ஆசிரியை ஷார்லோத் ஐகன்ஷெங்க். இதுவும் காலனியப் பள்ளிதான். ஆனால் பஷீர் ஸஃபர் போன்ற துனிசியச் சீர்திருத்தக்காரர்கள் ஆதரித்தார்கள், அரபியும் மார்க்கக் கல்வியும் பாடத்திட்டத்தில் சேர்ந்தன, படித்த நகரக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பின. தவ்ஹீதா பின் ஷேக் அங்கே படித்தவர்தான். 1928-இல் மேல்நிலைத் தேர்வில் தேறிய முதல் துனிசிய முஸ்லிம் பெண். 1936-இல் பாரிஸில் மருத்துவரானார். அல்ஜீரியாவில் குடியேறிகளின் நேரடி ஆட்சி நடந்தது, துனிசியாவில் பாதுகாப்பாட்சி என்ற பெயரில் உள்ளூர் அமைப்புகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. அந்த வித்தியாசத்துக்கும் இதில் பங்கு உண்டு.

அல்ஜீரியாவிலும் அந்த ஆதரவு கடைசியில் உள்ளிருந்து வந்தது. கான்ஸ்டன்டைனில் 1930-இல் ஷேக் அப்துல் ஹமீது பின் பாதீஸ் ஒரு கல்விச் சங்கம் அமைத்தார். அதன் பள்ளியில் ஆண் பிள்ளைகளில் வசதி இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இலவசம். பெண் பிள்ளைகளுக்கோ, வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமே கிடையாது. மார்க்க அறிஞர் ஒருவர் எழுதிவைத்த விதி அது. முஸ்லிம் குடும்பங்கள் பெண்களைப் படிக்கவைக்காது என்று 1861-இல் சபையில் உறுதியாகச் சொன்னார்களே, அதே நாட்டில், அரபியில், பிரெஞ்சு அரசின் பணம் ஒரு காசும் இல்லாமல் அந்தப் பள்ளிகளுக்குச் சிறுமிகள் வந்தார்கள். அரசுதான் அவற்றைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது, அனுமதியை இழுத்தடித்தது.

ஆகவே கேள்விக்கு என் பதில்: மதாம் லூஸ் காலனியாதிக்கத்தை நம்பியவர், அதன் பணத்தில் வாழ்ந்தவர், அதே சமயம் கசபாவின் ஏழைச் சிறுமிகளுக்கு வேறு யாரும் தராத காலை நேரப் படிப்பைப் பதினைந்து வருடம் தந்தவர். நீங்கள் மேலும் படிக்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய மனுக்களிலும் ஆங்கிலத் தோழிகளின் கட்டுரைகளிலும் நிற்காமல், நஃபீசா பின்த் அலியின் பெயர் வரும் இடங்களைத் தேடுங்கள். ஃபத்மாவின் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள்.